கூடவே வர ஓர் ஆள்

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையிடம் நடந்ததைக் கேட்டு எழுதப் போகும் காவல் அதிகாரி சீருடையில் போகக்கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவு இப்படிச் சொல்கிறது. கூடுமானவரை அவர் பெண்ணாக இருக்க வேண்டும். உதவி ஆய்வாளருக்குக் குறைந்த பதவியில் இருப்பவராக இருக்கக்கூடாது. சொந்த வீடோ, பாட்டி வீடோ, குழந்தை எங்கே இருந்து பேச விரும்புகிறதோ அந்த இடத்துக்குக் காவல் துறைதான் போக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. விசாரணையின்போது குற்றம்சாட்டப்பட்டவர் எந்த வகையிலும் குழந்தையின் எதிரில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீதிமன்றத்துக்கும் இதே போலக் கட்டுப்பாடுகள் உண்டு. வழக்கறிஞர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது. கேள்விகளை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். மிரட்டுகிற கேள்வி கூடாது. குழந்தையின் நடத்தையைக் கொச்சைப்படுத்துகிற கேள்வி கூடாது. நடுநடுவே ஓய்வு கொடுக்க வேண்டும். ஒரே விஷயத்தைச் சொல்லத் திரும்பத் திரும்பக் கூண்டுக்கு அழைக்கக்கூடாது. வெளியாட்கள் இல்லாத அறையில், குழந்தை நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்க, விசாரணை நடக்க வேண்டும்.

2012 நவம்பர் 14 முதல் இதெல்லாம் இந்த நாட்டின் சட்டம். ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து எழுதப்பட்ட பக்கங்கள் நம் சட்டப் புத்தகங்களில் அதிகம் இல்லை. எழுதியவர்கள் அந்த அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அரசு என்ன செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது இரண்டே காட்சிகள்: குற்றவாளியைக் கைதுசெய்து வேனில் ஏற்றுவது, சில ஆண்டுகள் கழித்து ஆயுள் தண்டனை என்று செய்தி வருவது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குழந்தை என்ன ஆகிறது? பள்ளிக்குப் போகிறதா? யாரோடு தூங்குகிறது? நீதிமன்றத்துக்கு யார் அழைத்துப் போகிறார்கள்? குழந்தைப் பாதுகாப்பில் அரசின் பங்கை அளக்க வேண்டிய இடம் இதுதான். சட்டம் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது. ‘ஆதரவு நபர்’ என்று அவருக்குப் பெயர். அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

குழந்தை விஷயத்தில் அரசு தலையிட வேண்டும் என்ற எண்ணம் இங்கே புதிதல்ல. சென்னை மாகாணம் 1920-லேயே குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அதுதான் முதல். வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. அந்தச் சட்டங்கள் தெருவில் திரிகிற, ஆதரவற்ற, குற்றத்தில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி மட்டும் கவலைப்பட்டன. வீட்டுக்குள் நடப்பது குடும்ப விவகாரம். அங்கே சர்க்கார் நுழையாது.

அந்த வாசற்படியைத் தமிழ்நாட்டில் அரசு வெளிப்படையாகத் தாண்டியது 1992-ல். உசிலம்பட்டிப் பகுதியில் பிறந்த பெண் சிசுக்களைக் கொல்வது பற்றி 1980-களின் பிற்பகுதியில் பத்திரிகைகள் எழுதின. சேலம், தருமபுரி வட்டாரங்களிலும் இதே கொடுமை. 1992-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். வேண்டாம் என்று நினைக்கிற குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், பெயர் கேட்க மாட்டோம், அரசு வளர்க்கும் என்பது அதன் சாரம். பின்னர் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி எனப் பல மாவட்டங்களுக்கு விரிந்தது. இதுவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்தத் தொட்டில்கள் வழியாக வந்து தத்துப் போயிருக்கிறார்கள் அல்லது இல்லங்களில் வளர்ந்திருக்கிறார்கள்.

பெண் குழந்தையைக் கைவிடுவதற்கு அரசே வழி செய்து கொடுக்கலாமா என்று பெண்கள் இயக்கங்கள் அன்றே கேட்டன. கேள்வியில் நியாயம் உண்டு. வரதட்சிணையையும் ஆண்பிள்ளை ஆசையையும் ஒரு தொட்டில் மாற்றாது. ஆனாலும் 2001-ல் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 850 பெண் குழந்தைகள் என்ற அளவில் இருந்த சேலம் மாவட்டம், 2011 கணக்கெடுப்பில் 900-ஐத் தாண்டியது. ஸ்கேன் மையங்கள் மீதான கெடுபிடி, ஊர் ஊராக நடந்த பிரசாரம், பெண் குழந்தை பெயரில் அரசு போட்ட வைப்புத்தொகை எல்லாம் சேர்ந்து செய்த மாற்றம் அது. பிழைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தத் தொட்டில் தேவையாகத்தான் இருந்தது.

அதே 1992-ல்தான் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது, டிசம்பரில் ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. 1996-ல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா என்ற சமூகப் பணி ஆசிரியை சைல்டுலைனைத் தொடங்கினார். தெருவில் வாழ்ந்த பிள்ளைகள் அடிபட்டாலும் போலீஸ் பிடித்தாலும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். ஒரு நாடு முழுக்க அப்படி ஒரு எண் இருந்தால் என்ன என்பதிலிருந்து பிறந்த யோசனை அது. 1098 என்ற எண்ணைப் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மறக்காது. அது இன்று வரை நாட்டின் குழந்தைகள் உதவி எண். 2023-ல் அதன் பொறுப்பைத் தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசே எடுத்துக்கொண்டு, 112 அவசர அழைப்போடு இணைத்தது. அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசின் தலையில் நேரடியாக விழுந்தது நல்லது. ஆனால் ஒவ்வொரு பேருந்து நிலையத்தையும் குடிசைப் பகுதியையும் கால்நடையாக அறிந்திருந்த களப்பணியாளர்களின் அனுபவம் அரசாணையோடு சேர்ந்து கைமாறிவிடாது.

இவ்வளவுக்குப் பிறகும், வீட்டுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் என்ன நடக்கிறது என்று அரசு முதன்முறையாகக் குழந்தைகளிடமே பெரிய அளவில் கேட்டது 2007-ல்தான். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு அது. பாதிக்கும் மேற்பட்டவர்கள், துல்லியமாகச் சொன்னால் 53.22 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களிலும் பாதிக்குச் சற்று மேல் ஆண் பிள்ளைகள். மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி வாங்குகிறார்கள். வீட்டில் அடிபடுகிறவர்களில் மிகப் பெரும்பான்மையினரை அடிப்பது பெற்றோர். பாலியல் துன்புறுத்தலில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

அந்த அறிக்கை வந்த பிறகும் சட்டம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. அதுவரை கோவா மட்டும் 2003-ல் தனக்கென்று ஒரு குழந்தைகள் சட்டம் வைத்திருந்தது. மற்ற மாநிலங்களில் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவுகள்தான். ஆண் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல அதில் சரியான இடமே இல்லை. போக்சோ, 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும், ஆண் பெண் பேதமில்லாமல், குழந்தை என்றது.

இனி அந்தச் சட்டத்தின் வழியில் நடந்து பார்க்கலாம். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, பள்ளி விட்ட பிறகும் வகுப்பறையிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். “வீட்டுக்குப் போகலையாம்மா?” என்று கேட்கும் ஆசிரியையிடம், “மாமா ஊருக்குப் போற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமா மிஸ்?” என்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளிவருகிறது.

அந்த நொடியிலிருந்து ஆசிரியைக்கு ஒரு சட்டக் கடமை வந்துவிடுகிறது. காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ அவர் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் ஊழியர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ‘ஸ்கூல் பேரு கெட்டுடும்’, ‘பொம்பளப் பிள்ள விஷயம், பேசி முடிச்சிடலாம்’ என்பதெல்லாம் இந்தச் சட்டத்தின் முன் குற்றம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது, பிறகு அது நிரூபணமாகாவிட்டாலும், வழக்கு வராது. இந்தப் பாதுகாப்பு பலருக்குத் தெரியாததால்தான் பல தகவல்கள் ஆசிரியர் அறையோடு நின்றுவிடுகின்றன.

காவல் துறை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இந்த நலக் குழு என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டிய அமைப்பு: ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அவர்களில் ஒருவராவது பெண். குற்றவியல் நடுவருக்குள்ள அதிகாரம் இந்த அமர்வுக்கு உண்டு. மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். பதவிக்காலம் மூன்றாண்டு. காலம் முடிந்து புதியவர்களை நியமிப்பது தாமதமானால், அந்த மாவட்டத்துக் குழந்தைக்கு அடுத்த மாவட்டத்துக் குழுதான் கதி. கோப்பில் இது ஒரு காலிப் பணியிடம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போகிற தாய்க்கு ஒரு நாள் கூலி.

மருத்துவமனையில் முதலில் சிகிச்சை. ‘எஃப்.ஐ.ஆர். கொண்டுவாருங்கள், பிறகு பார்க்கலாம்’ என்று எந்த மருத்துவரும் சொல்லக்கூடாது என்கின்றன 2020-ல் வந்த போக்சோ விதிகள். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்; அம்மாவோ அவள் நம்புகிற வேறொருவரோ உடனிருக்க வேண்டும். ‘இரு விரல் சோதனை’ செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவராகக் கருதப்படுவார் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

நம் சிறுமியின் கதையில் மாமா அதே வீட்டில் இருக்கிறார். அப்போது அவள் அந்த வீட்டில் இருப்பதா வேண்டாமா என்று நலக் குழு மூன்று நாளில் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்கும்போது அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும் என்கிறது விதி. நடைமுறையில் சுலபமாகத் தோன்றுகிற வழி, குழந்தையை அரசு இல்லத்துக்கு அனுப்புவது. பாதுகாப்புக்குத்தான். ஆனால் அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். உண்மையைச் சொன்ன மறுநாள் பள்ளிக்கூடம் போயிற்று, தோழிகள் போனார்கள், தம்பியைப் பார்க்க முடியவில்லை. தப்பு செய்தது தான்தான் என்று ஒரு பதினோரு வயதுப் பிள்ளை நினைக்காமல் வேறென்ன நினைக்கும்? வேறு வழியே இல்லாத வீடுகள் உண்டு. தாய்வழிப் பாட்டியோ சித்தியோ பொறுப்பெடுக்கத் தயாராக இருக்கிறார்களா என்று நேரில் போய் விசாரித்த பிறகே இல்லத்தின் கதவைத் திறக்க வேண்டும். அந்த விசாரணைக்குப் போக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆள் வேண்டும், வண்டி வேண்டும்.

சாப்பாடு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்கு நலக் குழு பரிந்துரைக்கும் பணம் ஒரு வாரத்தில் கையில் கிடைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதற்குத் தனி மனு, தனி வழக்கறிஞர் தேவையில்லை. கேட்டால் தர வேண்டிய பணம். கேட்கலாம் என்று யார் சொல்வது?

இந்த இடத்தில்தான் ஆதரவு நபர் வருகிறார். குழந்தை உரிமையில் பணியாற்றும் அமைப்பைச் சேர்ந்தவராகவோ, உளவியல், சமூகப் பணி படித்தவராகவோ இருப்பார். நலக் குழு அவரை நியமிக்கும். வாக்குமூலத்தின்போதும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் குழந்தையோடு இருப்பார். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஜாமீன் கேட்டிருக்கிறார்களா, இழப்பீடு என்ன ஆயிற்று என்று குடும்பத்துக்குச் சொல்வார். பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பார். மாதந்தோறும் நலக் குழுவுக்கு அறிக்கை தருவார். இவருக்குத் தரும் ஊதியம், தேர்ந்த தொழிலாளிக்குரிய குறைந்தபட்சக் கூலியைவிடக் குறையக்கூடாது. வேண்டாம் என்று மறுக்கிற உரிமையும் குடும்பத்துக்கு உண்டு.

இப்படி ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உத்தரப் பிரதேசத்தின் லலித்பூர் காட்டியது. 2022-ல் அங்கே பதின்மூன்று வயதுச் சிறுமி கூட்டு வன்முறைக்கு ஆளானாள். புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போன இடத்தில், நிலையப் பொறுப்பு அதிகாரியே அவளிடம் வன்முறை செய்ததாக வழக்கு. இரவில் நிலையத்தில் வைக்காதே, சீருடையில் போகாதே என்ற அத்தனை வரிகளும் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன. பச்பன் பசாவோ அந்தோலன் அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2023 ஆகஸ்டில் நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு, ஆதரவு நபர்களின் தேர்வு, பயிற்சி, சம்பளம், பட்டியல் எல்லாவற்றையும் மாநில அரசு முறைப்படுத்த வேண்டும் என்று விரிவான உத்தரவு போட்டது. அந்த உத்தரவு சம்பளத்தைப் பற்றிப் பேசியது முக்கியம். நல்ல மனசுக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, பஸ் காசு கூடக் கொடுக்காமல் மூன்று ஆண்டு ஓடவைக்க முடியாது.

ஏன் மூன்று ஆண்டு? வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளில் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வேண்டும், கூடியவரை ஓராண்டில் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம். 2019-ல் உச்ச நீதிமன்றம், நூறு வழக்குக்கு மேல் உள்ள மாவட்டங்களில் போக்சோவுக்கென்றே தனி நீதிமன்றம் அமைக்கச் சொன்னது. விரைவு நீதிமன்றங்கள் வந்தன. அப்படியிருந்தும் நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடந்தன. ஆறாம் வகுப்பில் புகார் சொன்ன பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சாட்சி சொல்கிறது. அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்து போவார்கள். அத்தை அழுவாள். ‘மாமன் ஜெயிலுக்குப் போனா அவன் பிள்ளைங்க தெருவுல நிக்கும்’ என்பாள். தெரியாத முரடனைவிடத் தெரிந்த மனிதர்தான் பெரும்பாலான வழக்குகளில் குற்றவாளி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் கடுமையான போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அப்படித்தான். தாயும் மகளும் பிறழ் சாட்சி ஆவது பல நேரம் இந்த நெருக்குதலில்தான். பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, பயப்படாதே, அடுத்த வாய்தா எப்போது, என்ன கேட்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வழக்குகளில் எத்தனையோ நின்றிருக்கும்.

2019-ல் சட்டத்தைத் திருத்திக் கொடூரமான குற்றங்களுக்கு மரண தண்டனை வரை வைத்தார்கள். கைதட்டலும் கிடைத்தது. தண்டனையை ஏற்றுவதற்கு ஒரு நாள் வாக்கெடுப்பு போதும். மாவட்டம்தோறும் ஆதரவு நபர்களைத் தேர்ந்து, பயிற்றுவித்து, மாதாமாதம் சம்பளம் கொடுக்க ஆண்டு முழுக்க நிதி ஒதுக்க வேண்டும். குற்றவாளி சொந்தக்காரராக இருக்கும் வீட்டில் தூக்குக் கயிறு பற்றிய பேச்சு, பிள்ளையின் வாயை இன்னும் இறுக்கி மூடவைக்கும் அபாயமும் இருக்கிறது.

அரசு சரியாகக் கூட நின்ற தருணங்களையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில், ஆடைக்கு மேல் தொட்டால், தோலோடு தோல் படாவிட்டால், அது போக்சோவின்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தீர்ப்பளித்தது. அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் தானே முன்வந்து உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்தார். நவம்பரில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. தொடுகிறவரின் நோக்கம்தான் முக்கியம் என்றது உச்ச நீதிமன்றம்.

அரசின் சொந்தக் கூரைக்குக் கீழே நடப்பதைப் பார்ப்பது இதைவிடக் கடினமான வேலை. 2017-ல் பீகார் அரசு, தன் நிதியில் இயங்கும் காப்பகங்களைத் தணிக்கை செய்யும்படி டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ குழுவைக் கேட்டுக்கொண்டது. குழு 110 இல்லங்களுக்குப் போனது. முசாஃபர்பூர் சிறுமியர் இல்லத்தில் இருந்த பிள்ளைகள் நடந்ததைச் சொன்னார்கள். மாதாமாதம் அதிகாரிகள் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அதே இல்லம். முப்பதுக்கு மேற்பட்ட சிறுமிகள் வன்முறைக்கு ஆளாகியிருந்தது தெரியவந்தது. உச்ச நீதிமன்றம் வழக்கை டெல்லிக்கு மாற்றியது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பழைய ஆய்வுகளில் கணக்குப் புத்தகம், சமையலறை, படுக்கை எண்ணிக்கை எல்லாம் பார்த்தார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் நம்பும்படி, பொறுமையாகப் பேசியது அந்தக் குழுதான்.

தமிழ்நாடும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. 2021-ல் மதுரையில் ஒரு காப்பகத்தில் இருந்த குழந்தை கொரோனாவில் இறந்ததாகப் போலி ஆவணம் காட்டி, அதை விற்றதாக வழக்கு வந்தது. சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டவர்களால்தான் அந்தக் குழந்தை உயிரோடு மீட்கப்பட்டது.

போக்சோவின் இன்னொரு சிக்கலையும் மறைப்பதற்கில்லை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஊரைவிட்டுப் போனால், பெரும்பாலும் பெண் வீட்டார் கையில் எடுப்பது இந்தச் சட்டத்தைத்தான். சாதி வேறாக இருந்தால் இன்னும் வேகமாக. 2021 ஜனவரியில் அப்படி ஒரு வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதலைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றார். 2022 டிசம்பரில் அன்றைய காவல் துறைத் தலைவர் சி. சைலேந்திர பாபு, இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைதுசெய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். நீதிமன்றத்தின் நேரமும் காவல் துறையின் கவனமும் இந்த வழக்குகளில் கரையும்போது, மாமாவுக்குப் பயந்து வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முறை தள்ளிப் போகிறது.

இதெல்லாம் நடந்த பிறகு செய்ய வேண்டியவை. நடக்காமல் தடுப்பதற்கு அரசால் என்ன முடியும்? ஸ்வீடன் 1979-ல் குழந்தையை அடிப்பதைச் சட்டப்படி தடைசெய்தது; உலகில் முதல் நாடு. அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் எழுதவில்லை. மாறாக, குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் விளக்கப் புத்தகம் அனுப்பினார்கள். குடியேறியவர்களுக்காகப் பல மொழிகளிலும் அச்சிட்டார்கள். பால் வரும் அட்டைப் பெட்டிகளிலும் செய்தி அச்சிடப்பட்டு, காலை உணவு மேசையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே படித்தார்கள். பிள்ளையை அடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்று நம்பிய பெற்றோர் ஒரு தலைமுறைக்குள் சிறுபான்மை ஆனார்கள்.

தமிழ்நாடு 2003-ல் கல்வி விதிகளில் பிரம்படிக்கு இடம் கொடுத்த 51-வது விதியை மாற்றியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத்தை நோகடிப்பதையும் நாடு முழுக்கத் தடைசெய்கிறது. ஆனாலும் ‘கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல அடிங்க சார்’ என்று பெற்றோரே சொல்லிவிட்டுப் போவது நின்றபாடில்லை. பெரியவர் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், எதிர்த்துப் பேசக்கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளை, அதே பெரியவர் வேறு விதமாகக் கை வைக்கும்போது மட்டும் எப்படிக் கத்தும்? அடியை நிறுத்துவதும் பாலியல் வன்முறையைத் தடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று பெட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பெயர் போடாமலும் எழுதிப் போடலாம். 14417 என்ற எண் கல்வித் துறையின் உதவிக்கு இருக்கிறது. பள்ளி, விடுதி, விளையாட்டுப் பயிற்சி மையம் என்று குழந்தைகளோடு பழகும் எல்லா இடங்களிலும் ஊழியர்களைக் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. பெட்டியைத் திறப்பவர் யார் என்பதைப் பொறுத்தது அதன் பயன். புகாருக்கு ஆளானவரே திறந்தால் அடுத்த காகிதம் விழாது.

பாதுகாப்பு என்ற பெயர் இல்லாமலே பாதுகாக்கிற திட்டங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. கூலி வேலைக்குப் போகும் தாய் தன் மூன்று வயதுப் பிள்ளையை அக்கம்பக்கத்தில் யாரிடமோ விட்டுப் போகாமல் அங்கே விட்டுப் போகிறாள். 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் 2022-ல் தொடங்கிய காலை உணவும் பிள்ளையைப் பள்ளிக்குள் வைத்திருக்கின்றன. பள்ளிக்குள் இருக்கும் பிள்ளையின் முகம் வாடினால் கவனிக்க ஒரு ஆசிரியை இருக்கிறார். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்யாணத்தை முடித்துவிடத் துடிக்கும் வீட்டில் ஒரு எதிர்வாதமாக வேலை செய்கிறது. முன்பு திருமணத்துக்குத் தந்த உதவியைப் படிப்புக்கு மாற்றியது அரசு அண்மையில் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

2022-ல் மட்டும் நாட்டில் குழந்தைகளுக்கு எதிராக 1,62,449 குற்றங்கள் பதிவாயின. இது பதிவானவற்றின் கணக்கு. எண்ணிக்கை கூடுவது குற்றம் கூடுவதால் மட்டுமல்ல, சொல்லத் துணிபவர்கள் கூடுவதாலும்தான். அவர்கள் துணிந்து சொன்ன பிறகு என்ன கிடைக்கிறது என்பதே அடுத்த பிள்ளை வாய் திறக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

இதை ஊர் மட்டத்தில் கண்காணிக்க ஒரு அமைப்பு காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் அதன் தலைவர். ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் சுகாதாரச் செவிலியர் ஆகியோரோடு குழந்தைகளின் பிரதிநிதிகள் இருவரும் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும்போது எவரும் எழுந்து கேட்கலாம்: நம் ஊர்க் குழு கடைசியாக எப்போது கூடியது? அந்த இரண்டு பிள்ளைகள் யார், அவர்களைப் பேசவிட்டீர்களா? நம் மாவட்ட நலக் குழுவில் எத்தனை இடம் காலி? ஆதரவு நபர்கள் பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது? கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்கவும் கிராம சபையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமை உண்டு.